மூன்று மெஷினும் ஒரு தேளும்

பொந்தியான்
9 மார்ச் 2025

லோஷினி,

உன் பாட்டி பேச்சியம்மாள் எழுதுகிறேன். முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் உன் விஷயத்துக்கு வருகிறேன்.

உன் பெரிய அண்ணன் லோகேஸ்வரனுக்கு செனாய் விமான நிலையத்தில் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. விமானத்தின் சக்கரங்களைச் சரிபார்க்கிற பகுதி முழுவதும் இனி அவன் பொறுப்பு. அவன் கையெழுத்துப் போடாமல் ஒரு விமானமும் அந்தக் கொட்டகையை விட்டு வெளியே வராது என்று உன் அம்மா பிரேமலா சொன்னாள். நான் அதைக் கோயிலில் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டேன். சின்னவன் செல்வா பட்டம் வாங்கிவிட்டான். வகுப்பில் இரண்டாவது. முதலாவதாக வந்த பிள்ளைக்கு அப்பா, அம்மா இரண்டு பேரும் வாத்தியார்களாம். வீட்டிலேயே வாத்தியாரை வைத்துக்கொண்டு முதலாவது வருவது ஒரு பெருமையா? என்னைக் கேட்டால் செல்வாதான் முதல். உன் அத்தை மகள் சாந்தினி சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற பகுதியில் இருக்கிறாள். தினமும் எல்லைப் பாலம் தாண்டிப் போய் வருகிறாள். அவ்வளவு நெரிசலிலும் ஒரு நாள்கூட லேட்டாகப் போனதில்லை.

இந்த மூன்று பேரும் கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டு, கையில் சுருட்டிய காகிதத்தோடு எடுத்த படங்கள் நம் ஹாலில் வரிசையாகத் தொங்குகின்றன. மூன்றும் ஒரே அளவு, ஒரே தங்க நிறச் சட்டம். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். நாலாவதாக உன் படம், பள்ளியின் கடைசி வருடம் ஐந்தாம் படிவத்தில் சீருடையோடு எடுத்தது, உள்ளங்கை அளவு. ஓரம் மஞ்சளாகிவிட்டது.

இப்போது உன் விஷயம். போன கார்த்திகையில் லோகேஸ்வரனின் நிச்சயதார்த்தத்தன்று நீ கோபித்துக்கொண்டு போனாய். நாலு மாதம் ஆகிறது. போன் அடித்துப் பார்த்தேன். செல்வா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாட்டி, அவ உங்க நம்பர புளோக் பண்ணிட்டா லா" என்றான். தபால்காரரை ஒருவரும் புளோக் பண்ண முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அப்படி நான் என்ன சொல்லிவிட்டேன்? பெண்ணின் அப்பா உலகப்பன் கேட்டார், "உங்க பேத்தி என்னம்மா வேலை பாக்குது?" என்று. "கிளினிக்குல நர்சா இருக்கு" என்றேன். நர்ஸ் வேலை கேவலமா? நீயும் கையுறை போடுகிறாய், நீயும் ஊசி பிடிக்கிறாய். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அதற்காகப் பூத்தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, சாப்பிடாமல், என் கையால் தைத்துக் கொடுத்த பட்டு ரவிக்கையோடு காரில் ஏறிப் போவார்களா?

பதில் எழுது.

உன் பாட்டி


தம்போய்
23 மார்ச் 2025

பாட்டி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அண்ணன்கள் இரண்டு பேரும் வந்தார்கள், சாந்தினி அக்கா வந்தார், அவர்களுடைய பதவியும் பட்டமும் வந்தன. நான் மட்டும் ‘விஷயம்’ என்ற இடத்தில் வந்தேன்.

ஐந்தாம் படிவத்துக்குப் பிறகு நான் தமிழில் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்காது, நான் கத்த வேண்டியிருக்கும், கத்தினால் சண்டை மாதிரி இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

நர்ஸ் என்று சொன்னதற்காக நான் போகவில்லை. அந்த ரவிக்கைக்காகப் போனேன். அளவு எடுக்கும்போது "பட்டுக்கு முழுக்கை வெச்சாதான்டி எடுப்பா இருக்கும்" என்றீர்கள். நம்பினேன். மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் வைத்தீர்கள். அழகாகத்தான் இருந்தது. உலகப்பன் மாமா கேட்டு, நீங்கள் பதில் சொன்ன நிமிடத்தில்தான் அந்தக் கை ஏன் அவ்வளவு நீளம் என்று எனக்குப் புரிந்தது. என் கையில் இருக்கும் டாட்டுவை யாரும் பார்க்கக் கூடாது. அதற்காகத் தைத்தது.

உங்கள் இடது கையில் ஒரு தேள் இருக்கிறது பாட்டி. அதை மூட நீங்கள் ஒரு நாளும் முழுக்கை தைத்துப் போட்டதில்லை.

எனக்கு இப்போது நீளமாக எழுத நேரம் இல்லை. இரண்டு வருடம் மெய் ஃபோங் அக்காவின் டாட்டுக் கடையில் துடைத்து, கழுவி, வரைந்து, ரப்பர் தோலில் குத்திப் பழகினேன். கடைசி ஆறு மாதம் அவர் பக்கத்தில் நின்று பார்க்க, மனிதத் தோலிலும் செய்தேன். ஜூன் முதல் தேதியிலிருந்து எனக்கென்று ஒரு நாற்காலி தருகிறார். அதற்கு முன் எனக்கென்று ஒரு மெஷின் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றை மேஜைமேல் வைத்துவிட்டு, "இது நான் சொல்லித் தர முடியாது. உன் கைதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கை இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடியும் என்னை நர்ஸ் என்று எழுதுவதாக இருந்தால் எழுத வேண்டாம்.

லோஷினி


பொந்தியான்
6 ஏப்ரல் 2025

லோஷினி,

நர்ஸ் என்று எழுதவில்லை. போதுமா?

தேளைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். என்னுடையது பச்சை. அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் எல்லாப் பெண்களும் குத்திக்கொண்டார்கள். உன்னுடையது டாட்டு, நீயாகத் தேடிப்போய்க் குத்திக்கொண்டது. இரண்டும் ஒன்றில்லை என்று உன் அப்பாவிடம் சொன்னேன். சதாசிவம் பேப்பரைக் கீழே இறக்காமல், "ரெண்டும் ஊசிதானேம்மா" என்றான். நீ இந்த வேலைக்குப் போனதிலிருந்து உன்னிடம் பேசாமல் இருக்கிறவன் உனக்காகப் பேசுகிறான். என்ன வீடு இது.

அதை விடு. மெஷினுக்கு வருவோம். மெஷினைப் பற்றி நீ பேச வேண்டிய ஆள் நான்தான். நாற்பத்தோரு வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். பொந்தியான் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் என் சீருடை போட்டுத்தான் படித்தார்கள். அதில் இரண்டு பேர் டாக்டர், ஒருவர் வக்கீல். நீல பினஃபோர் துணி எவ்வளவு முரடு என்று உனக்குத் தெரியும். மடிப்பு நாலு மடங்காக வரும் இடத்தில் மற்றவர்கள் மெஷின் முக்கி நின்றுவிடும். என் மெஷின் நிற்காது. ஏன்? நான் கால்மிதியை விட்டு மோட்டார் போட்டபோது கடைக்காரர் மூன்று மோட்டார் காட்டினார். "பெருசு எது?" என்று ஒரே கேள்விதான் கேட்டேன். அதை எடுத்தேன். இன்றைக்கும் ஓடுகிறது.

அதனால் நான் சொல்வதைக் கேள். மூன்றில் எது பலமானதோ அதை எடு. ஒரு முறை எடுத்தால் ஆயுசுக்கும் நிற்க வேண்டும். இருந்தாலும் மூன்றையும் விவரமாக எழுது. சரியாகத் தேர்ந்தெடுக்கிறாயா என்று நான் பார்க்கிறேன்.

கோயிலில் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி உன்னைக் கேட்டாள். "தம்போயில் வேலை, மெஷின் வாங்கப் போகிறாள்" என்றேன். என்ன மெஷின் என்று கேட்டாள். பிரசாதம் வாங்கப் போய்விட்டேன்.

உன் பாட்டி


தம்போய்
27 ஏப்ரல் 2025

பாட்டி,

பிரசாதம் வாங்கப் போனதைப் படித்துவிட்டுக் கடையில் தனியாகச் சிரித்தேன். மெய் ஃபோங் அக்கா என்னவென்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். "அலமாக், ஐயையோ, உன் பாட்டி என் அம்மா மாதிரியே" என்றார். அவருடைய அம்மா, மகள் பூக்கடை வைத்திருப்பதாக இன்னும் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

மூன்றையும் எழுதுகிறேன்.

மூன்றுமே மோட்டார் சுழல, ஊசி மேலும் கீழும் போகிற வகை. ரோட்டரி என்று சொல்வோம். உங்கள் தையல் மெஷினுக்கும் இதற்கும் அதுதான் உறவு. அதற்குமேல் உறவு கிடையாது.

முதலாவது பழைய தோற்றம். பித்தளைச் சட்டத்தில் மோட்டார் வெளியே தெரிகிறது. உங்களுக்குப் பிடிக்கும். ஊசி நாலு மில்லிமீட்டருக்குமேல் நகர்கிறது, அதனால் அடி பலமாக விழும். ஒரே இழுப்பில் கறுப்புக் கோடு பளிச்சென்று வரும். ஆனால் சத்தம் அதிகம், கை அதிரும்.

இரண்டாவது தடித்த பேனா மாதிரி இருக்கிறது. வயர் கிடையாது, வால் பக்கத்தில் பேட்டரி. கால் வைக்கிற பெடலும் வேண்டாம். அதைப் பிடித்த முதல் நாள் காலையில் இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம், தோளைச் சுற்றிப் போகலாம். பேட்டரி இருப்பதால் கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.

மூன்றாவதும் பேனா வடிவம்தான், ஆனால் மெல்லியது. வயர் உண்டு, பெடல் உண்டு. முதலாவதன் எடையில் பாதிகூட இல்லை. ஊசி மூன்று மில்லிமீட்டருக்குள்தான் நகரும். மெதுவாகத் தட்டும். கோடு போட நேரம் பிடிக்கும். ஒரே இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிழல் ஏற்றிக்கொண்டு போகலாம்.

பலமானதை எடு என்கிறீர்கள். தோல் பினஃபோர் துணி இல்லை பாட்டி. துணி கிழிந்தால் ஒட்டுப் போடலாம். ஊசி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை மெஷின் தீர்மானிப்பதும் இல்லை, கைதான் தீர்மானிக்கும். கொஞ்சம் மேலே நின்றால் மை தங்காது. கொஞ்சம் கீழே போனால் மை உள்ளே கசிந்து, கோடு ஈரக் காகிதத்தில் எழுதியதுபோல் ஊறிவிடும். உங்கள் தேளைப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. எல்லோரும் செய்கிற சிங்கம், ரோஜா எனக்கு வேண்டாம். தழும்பின்மேல் செய்ய ஆசை. ஜூனில் எனக்கு முதலில் பதிவு செய்திருப்பவர் காளியம்மா என்று ஒருவர், தொழிற்சாலை உணவகத்தில் சமைக்கிறவர். கொதி எண்ணெய் கொட்டி வலது கை முழுக்கத் தழும்பு. இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். தழும்புத் தோல் ஓரிடத்தில் கெட்டியாக இருக்கும், அரை அங்குலம் தள்ளினால் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். அதில் தப்புச் செய்தால் தழும்புக்கு மேல் இன்னொரு தழும்பு. எதை எடுப்பது என்று அதனால்தான் தூக்கம் வரவில்லை.

பழகுவதற்கு ரப்பர் தோல் தவிர பன்றித் தோலும் உண்டு. அப்பாவிடம் சொல்லாதீர்கள்.

லோஷினி


பொந்தியான்
11 மே 2025

லோஷினி,

பன்றி விஷயம் இந்தக் கடிதத்தோடு முடிந்தது. உன் கடிதத்தின் அந்தப் பக்கத்தை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

நீ எழுதியதை நாலு நாள் யோசித்தேன். பலமானது வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த மூன்றையும் எப்போது பிடித்துப் பார்க்கிறாய்? இரண்டாவதைக் காலையில் பிடித்தேன், முடிவு செய்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். காலையில் எந்த மெஷினும் நல்ல மெஷின்தான். பள்ளி திறக்கிற சமயத்தில் ஒரு நாளைக்கு இருபது சீருடை தைப்பேன். பதினைந்தாவது சீருடையில்தான் தோள்பட்டை உண்மையைச் சொல்லும். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று இருக்கிற நேரத்தில் மூன்றையும் மறுபடி எடுத்துப் பார். அப்போதும் எது கையில் இருப்பது தெரியவில்லையோ அதை எடு.

இன்னொரு செய்தி. ஜூன் முதல் தேதி நான் தம்போய்க்கு வருகிறேன். கஸ்தூரி காரில் கூட்டி வருகிறாள். உன் நாற்காலியில் முதலில் உட்காரப்போவது நான்தான். காளியம்மா அடுத்த நாள் உட்காரட்டும்.

என் தேளைப் பற்றிக் கேலியாக எழுதியிருந்தாய். பத்து வயதில் குத்திக்கொண்டது. எஸ்டேட்டில் நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் மூன்று பெண் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தார்கள். மற்ற இரண்டும் ஊரைக் கூட்டி அழுதன. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தேளுக்குக் கொடுக்கு இருந்தது, கால் எட்டும் தனித்தனியாகத் தெரியும். இப்போது கரப்பான்பூச்சி மாதிரி இருக்கிறது. போன தைப்பூசத்தில் ஒரு குழந்தை அதைப் பார்த்துவிட்டுத் தட்டிவிடப் பார்த்தது. நீ அதைப் புதிதாக்கிக் கொடு. ஆவணியில் அண்ணன் கல்யாணத்தில் யாராவது கேட்டால், என் பேத்தி குத்தியது என்று கையை நீட்டிக் காட்டுகிறேன். அதற்குமேல் நான் என்ன செய்ய வேண்டும்?

உன் பாட்டி


பொந்தியான்
3 ஜூன் 2025

லோஷினி,

இதை எழுதவே கூடாது என்றிருந்தேன். எழுதாமல் நெஞ்சு ஆறவில்லை.

எழுபத்தாறு வயதில் காலையிலேயே குளித்து, நல்ல புடவை கட்டி, ஒன்றரை மணி நேரம் காரில் உட்கார்ந்து வந்தேன். உன் கடை இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அந்தச் சீன முதலாளி அம்மா எனக்கு இரண்டு கையாலும் தேநீர் கொடுத்தார். நீ வெள்ளைத் தாள் விரித்து, என் கையைத் துடைத்து, தேளின் காலை ஒவ்வொன்றாகப் பேனாவால் வரைந்தாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. கஸ்தூரி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் என்ன செய்தாய்? மெஷினைக் கையில் எடுத்துவிட்டு, என் முழங்கைக்கு உள்பக்கம் இருந்த ஊதா நிறத்தைப் பார்த்தாய். "இது என்ன பாட்டி?" என்றாய். கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன். நீ கஸ்தூரியைப் பார்த்தாய். முகத்தைப் பார்த்துக் கேட்டால் அந்த மகராசிக்கு எதையும் மறைக்கத் தெரியாது. "மாசாமாசம் கிளினிக்குல ரத்தம் எடுப்பாங்கல்ல, அதும்மா. ரத்தம் உறையாம இருக்க மாத்திர சாப்பிடுறாங்க" என்று கொட்டிவிட்டாள்.

நீ மெஷினைக் கீழே வைத்துவிட்டாய். ஒரு கால் மட்டும் குத்து என்றேன். முடியாது என்றாய். நான் உன் பாட்டி, நான் சொல்கிறேன், குத்து என்றேன். அதற்கு நீ சொன்னது: "இந்த நாற்காலியில உக்காந்தா யாரா இருந்தாலும் ஒண்ணுதான் பாட்டி. எறங்குங்க."

எறங்குங்க! அந்நியர் முன்னால். கஸ்தூரி முன்னால். பேனாவால் போட்ட கோடு வீடு வரும் வரையில் கையில் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன்.

நான் ஒரு மாத்திரையும் சாப்பிடுவதில்லை என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் போயிற்று. ஒரு முறை வாயைத் திறந்துவிட்ட கஸ்தூரி இந்நேரம் கோயிலிலும் சொல்லியிருப்பாள்.

உன் சந்தோஷத்துக்குத்தான் வந்தேன். இனி வரமாட்டேன்.

பேச்சியம்மாள்


தம்போய்
15 ஜூன் 2025

பாட்டி,

கடிதத்தின் அடியில் ‘உன் பாட்டி’ என்று இல்லை. பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. நீங்கள் மறுபடி வந்து உட்கார்ந்தாலும் எறங்குங்க என்றுதான் சொல்வேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அதற்கு மட்டும் மன்னியுங்கள்.

உட்காருவதற்கு முன் ஒரு படிவம் கொடுத்தேன் அல்லவா? கஸ்தூரி அத்தை காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் நான் படித்துச் சொல்ல, எல்லாக் கேள்விக்கும் நீங்கள் இல்லை, இல்லை என்றீர்கள். சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, மாத்திரை இல்லை. எழுபத்தாறு வயதில் ஒன்றுமே இல்லை என்றபோது நானே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். என் பாட்டி என்று துருவிக் கேட்காமல் விட்டேன். அது என் தப்பு. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஊசி பட்ட இடத்தில் இரத்தம் நிற்க நேரமாகும். மையைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். உங்கள் கை முழுக்க ஊதாவாகியிருக்கும். கல்யாணத்தில் அதைத்தான் நீட்டிக் காட்டியிருப்பீர்கள்.

நீங்கள் அந்த மாத்திரையைச் சாப்பிடுவது எனக்குத் தெரியாது. இதயத்துக்கான மாத்திரை அது. என்னிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. நர்ஸ் என்றீர்கள், மாத்திரையே இல்லை என்றீர்கள். இரண்டும் ஒரே காரணத்துக்காகச் சொன்னதுதான் என்று எனக்குப் புரிகிறது. குறை இருக்கிற எதையும் வாசலுக்குக் கொண்டுவர உங்களுக்குப் பிடிக்காது. அந்தக் குறையில் நானும் ஒன்று என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மெஷின் எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி மூன்று நாள், வேலை முடிந்த பிறகு, ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் ரப்பர் தோலில் செய்து பார்த்தேன். முதலாவதில் பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிட்டது. காலையில் எனக்கு அவ்வளவு பிடித்திருந்த இரண்டாவது, சாயங்காலம் வால் பக்கம் இழுத்தது. பேட்டரி கனத்தைத் தாங்கத் தாங்க, எனக்குத் தெரியாமலே ஊசியை அழுத்திக்கொண்டிருந்தேன். மெய் ஃபோங் அக்கா ரப்பரைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். கோடெல்லாம் தேவைக்குமேல் ஆழம். காளியம்மா அக்காவின் கையில் அதைச் செய்திருந்தால் என்று நினைத்து, அதை அப்போதே பெட்டிக்குள் வைத்துவிட்டேன். மூன்றாவது கையில் இருப்பதே தெரியவில்லை. அதைத்தான் அன்றைக்கு உங்கள் கைக்கும் எடுத்தேன்.

காளியம்மா அக்காவின் கையில் முதல் பாதி முடிந்தது. பாகற்கொடி கேட்டார். வீட்டுப் பின்னால் அதைத்தான் வளர்க்கிறாராம். கெட்டியான தழும்பு இருக்கும் இடத்தில் காயை வைத்தேன், அந்த முரடு அப்படியே காயின் முரடாகிவிட்டது. மெல்லிய தோலில் இலை. ஆறிய பிறகு காட்டுவதற்கு வந்தபோது அரைக்கைச் சட்டையில் வந்தார். கண்ணாடி முன்னால் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

லோஷினி


பொந்தியான்
10 ஆகஸ்ட் 2025

என் பேத்தி லோஷினிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்கு இப்படி ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் பிடிக்கும்.

நேற்று பெண் வீட்டார் கல்யாணப் புடவையைக் காட்ட வந்திருந்தார்கள். உலகப்பன், அவர் மனைவி, கல்யாணப் பெண் சாருமதி, கூடவே உலகப்பனின் அக்கா வேதநாயகி. அந்த அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. நேராகச் சுவருக்குப் போய் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். லோகேஸ்வரன், செல்வா, சாந்தினி. உன் சின்னப் படத்தின் முன்னால் நின்று, "இதுதான் அந்த நர்ஸ் பொண்ணா?" என்றார்.

உன் அம்மா அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். உன் அப்பா தரையைப் பார்த்தான்.

"நர்ஸ் இல்லீங்க" என்றேன். "அன்னிக்கு நான் பொய் சொன்னேன். என் பேத்தி டாட்டு குத்துறவ. தம்போயில அவளுக்குன்னு தனி நாற்காலி இருக்கு."

வேதநாயகி அம்மா உதட்டைச் சுழித்தார். "பொம்பளப் புள்ளைக்கு இது ஒரு வேலையா? யாரு கேட்டாலும் குத்தி விடுறது..."

அங்கேதான் எனக்கு வந்தது பார். "யாரு கேட்டாலுமா? நான் கேட்டேங்க. பெத்த அப்பனைப் பெத்தவ, நான் கேட்டேன். மாத்திர சாப்பிடுறீங்க, உங்களுக்குக் குத்த முடியாது, எறங்குங்கன்னு சொல்லிட்டா. கெஞ்சினேன், அதட்டினேன். ஊசியக் கீழ வெச்சவ வெச்சவதான். உங்க தெருவுல இருக்கிற டாக்டருங்க இப்படிச் சொல்வாங்களா? கேட்ட மருந்தக் குடுத்து அனுப்பிடுவாங்க" என்றேன். என் இதய மாத்திரையைப் பற்றி எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. போகட்டும். அதோடு நிறுத்தவில்லை. மூன்று மெஷினையும் சொன்னேன், சாயங்காலம் பிடித்துப் பார்க்கிற யோசனை யாருடையது என்பதையும் சொன்னேன், பாகற்கொடியைச் சொன்னேன். உலகப்பன் காப்பி ஆறியதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சாருமதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தேளைத் தொட்டுப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு அவங்க வருவாங்கல்ல பாட்டி?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் உன் அப்பா, "வருவாம்மா" என்றான். அவன் உன்னிடம் பேசவில்லை என்பதை அவனே மறந்துவிட்டான் போலிருக்கிறது.

உன்னிடம் இன்னொரு பொய்யும் சொல்லியிருக்கிறேன். பெரிய மோட்டார் எடுத்தேன், இன்றைக்கும் ஓடுகிறது என்று எழுதினேன் அல்லவா? பினஃபோருக்கு அது சரி. மெல்லிய துணியை அதில் கொடுத்தால் இழுத்துச் சுருக்கிவிடும். முதல் வாரத்திலேயே ஒருவருடைய பட்டு ரவிக்கை வீணாயிற்று. அன்றிலிருந்து பட்டு எல்லாம் கையாலேயே தைத்தேன். மெஷின் தையல் என்று சொல்லிக் கொடுத்தேன். இந்த வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் சொல்கிறேன். நீ மூன்றாவதை எடுத்தது சரி.

கல்யாணத்துக்கு உனக்கு ரவிக்கை தைத்து முடித்துவிட்டேன். அதுவும் கைத்தையல்தான், கண் வலித்தாலும் தையல் கோணவில்லை. கிளிப்பச்சை, சிவப்புக் கரை. கையை முழங்கைக்கு நாலு விரல் மேலேயே வெட்டிவிட்டேன். வெட்டிய துணியை இனி ஒட்ட முடியாது. அதனால் நீ வந்து போட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. நீ என் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். என் கையில் இருப்பது கரப்பான்பூச்சியாகவே இருக்கட்டும். உன் கையைப் பார்த்தவர்கள் அதைப் பார்க்கப்போவதில்லை.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சுவரில் உன் சின்னப் படத்தை எடுத்துவிட்டு, மற்ற மூன்றோடு ஒரே வரிசையில் பெரிய ஆணி அடித்தாயிற்று. உன் அப்பாதான் அடித்தான், மூன்று தடவை அளந்து. அதே தங்க நிறச் சட்டம் வாங்கி, கண்ணாடியைத் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். கல்யாண வீடு, நூறு பேர் வருவார்கள், சட்டம் காலியாக இருக்கக் கூடாது. போனில் அனுப்பாதே, போனைச் சுவரில் மாட்ட முடியாது. அங்கி வேண்டாம், தொப்பி வேண்டாம். உன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, கை தெரிகிற மாதிரி, அந்த மூன்றாவது மெஷினைப் பிடித்துக்கொண்டு புதிதாக ஒரு படம் எடுத்து, சாந்தினி படத்தின் அளவுக்கே பெரிதாகப் போட்டு, மடியாமல் அட்டை வைத்துத் தபாலில் அனுப்பு.

உன் பாட்டி